வாய் படாத தண்ணீர்

நாற்பத்தோரு பேரைச் சாகடிக்கும் உத்தரவு ஒரே பக்கம்தான் இருந்தது. நல்ல தமிழில், எழுத்துப் பிழை இல்லாமல், கடைசியில் 'அன்புடன்' என்று முடித்திருந்தார்கள்.

டாக்டர் இசக்கி அதை இரண்டு தடவை படித்தாள். 'கீழ்த்தட்டில் தங்கியிருக்கும் கானிமீட் தொழிலாளர்கள் அனைவரும், அவர்கள் வந்த கப்பலிலேயே, இன்று மாலை சொந்த இடத்துக்கு வழியனுப்பி வைக்கப்படுகிறார்கள். நிலைய மருத்துவ அதிகாரி ஒப்புதல் கையெழுத்து இடவும்.'

வழியனுப்பி. அந்த வார்த்தையை யாரோ உட்கார்ந்து யோசித்துத் தேடி எடுத்திருக்க வேண்டும்.

"சார், அந்தக் கப்பல்ல காற்று ஏழு நாளைக்குத்தான் இருக்கு. கானிமீட் போய்ச்சேர பத்தொன்பது நாள் ஆகும்."

"தெரியும்" என்றார் கோமதிநாயகம்.

அவர் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். நிர்மலபுரியின் சுகாதார ஆணையர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் காலணி. அளவெடுத்து நறுக்கிய மீசை மட்டும் கறுப்பு; அதற்கும் சாயம்.

"நம்ம தொட்டியிலேர்ந்து காற்று நிரப்பிக் கொடுத்தா..."

"நம்ம குழாயை அந்தக் கப்பல்ல மாட்டணும். மாட்டின குழாயை அப்புறம் என்ன பண்றது? தூக்கித்தான் எறியணும். நூற்று இருபது மீட்டர் குழாய், இசக்கி."

நூற்று இருபது மீட்டர் குழாயை ஒரு தட்டிலும் நாற்பத்தோரு உயிரை ஒரு தட்டிலும் வைத்துப் பார்த்துவிட்டு, குழாய் பக்கம் கனம் என்று கண்டுபிடித்த மனிதரிடம் என்ன பேசுவது?

"மூணு மணிக்கு வர்றேன்" என்று எழுந்தார். "உன் கையெழுத்து இருக்கணும். கீழே நானும் போட்டு முடிச்சுடுவேன். நாளைக்கு ஸ்தாபன நாள் விழா. ஊர் சுத்தமா இருக்கணும்."

*

வியாழன் கிரகத்தின் நிலாக்களில் ஒன்று காலிஸ்டோ. அதன் பனிக்கட்டித் தரைக்குக் கீழே குடைந்து கட்டிய ஊர் நிர்மலபுரி. பன்னிரண்டாயிரம் பேர். அறுபத்து நான்கு வருஷமாக அங்கே யாருக்கும் சளி பிடித்ததில்லை. நுழைவாயிலில் இதை எழுதியே வைத்திருக்கிறார்கள். ஏதோ அவர்களே உட்கார்ந்து கிருமிகளிடம் பேசி ஒப்பந்தம் போட்டுக்கொண்ட மாதிரி.

உண்மையில் அந்தப் பெருமைக்குக் காரணம், காலிஸ்டோவைச் சுற்றிக்கொண்டிருக்கும் 'வாசல்' என்கிற நிலையம். யார் வந்தாலும் வாசலில் இருபத்தோரு நாள் தங்கி, நோய் இல்லை என்று நிரூபித்துவிட்டுத்தான் ஊருக்குள் இறங்க முடியும். இசக்கி ஆறு வருஷமாக அதன் மருத்துவர். ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட நிர்மலபுரிக்குள் அவளை விட்டதில்லை. நோயாளிகளைத் தொடுகிற கை. எப்போதும் முழு உடையும் முகமூடியும் போட்டுக்கொண்டுதான் தொடுகிறாள் என்று எழுதிப் பார்த்தாள். 'தங்கள் சேவையைப் பாராட்டுகிறோம்' என்று பதில் வந்தது.

வாசலில் இரண்டு தட்டு. மேல்தட்டுக்கு இந்தத் தடவை வந்தவர்கள் பதினான்கு பேர். எல்லாரும் நிர்மலபுரிக்காரர்கள், செவ்வாய் கிரகத்தில் தூய்மை மாநாடு முடித்துத் திரும்பியவர்கள். கீழ்த்தட்டில் கானிமீட் சுரங்கத் தொழிலாளர்கள் நாற்பத்தோரு பேர். நிர்மலபுரிக்குப் புதிய தெருக்கள் குடைய வேண்டியிருந்தது. சுத்தமான கைகள் கடப்பாரை பிடிக்காது என்பதால் வரவழைக்கப்பட்டவர்கள்.

பத்து நாளுக்கு முன் கீழ்த்தட்டில் செல்லக்கனி என்கிற பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது. நுரையீரலைச் சாம்பல் மாதிரி அடைக்கும் காய்ச்சல். அவள் பிழைத்துவிட்டாள். அதற்கு இரண்டு நாள் கழித்து மேல்தட்டில் ஆரம்பித்தது. எட்டுப் பேர் படுத்தார்கள். நேற்றுக் காலை அதில் ஒருவர், நீலமேகம் என்கிற பொறியாளர், இறந்துபோனார்.

கோமதிநாயகத்துக்குக் கணக்கு சுலபமாக இருந்தது. கொண்டுவந்தவர்கள் கீழே, பட்டவர்கள் மேலே.

இசக்கிக்கு அங்கேதான் இடித்தது. கீழே நாற்பத்தோரு பேர் ஒருவர் மூச்சில் ஒருவர் படுத்துக் கிடக்கிறார்கள். நோய் வந்தது ஒரே ஆளுக்கு. மேலே ஆளுக்கொரு அறை, வாசனைத் திரவம், வேளைக்கு இரண்டு குளியல். பதினான்கில் எட்டு.

இதைக் காலையிலேயே ஆணையரிடம் சொல்லிப் பார்த்தாள். அவங்க அழுக்கிலேயே பிறந்து வளர்ந்தவங்க, அவங்களை ஒண்ணும் பண்ணாது, நம்மளைத்தான் பண்ணும் என்றார். நாற்பது பேர் ரத்தத்திலும் கிருமியே இல்லை என்று காட்டினாள். ரத்தமே அவங்களோடது தானே என்றார். அதற்கு மருத்துவக் கல்லூரியில் பதில் சொல்லித் தரவில்லை.

கோமதிநாயகம் ஆணையரான கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எட்டு வருஷத்துக்கு முன், அப்போதைய ஆணையர் வாசலுக்கு வந்தபோது ஒரு பயணி மயங்கி விழுந்தார். ஆணையர் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தார். துணை ஆணையராக இருந்த கோமதிநாயகம் அன்றைக்கே ஒரு விதி எழுதி நிறைவேற்றினார். 'நோயாளி இருக்கும் தட்டில் முகமூடி இல்லாமல் நுழைந்தவர், எந்தப் பதவியில் இருந்தாலும், அந்த நிமிஷத்திலிருந்து இருபத்தோரு நாளைக்கு நோய் பட்டவர். பட்டவரின் கையெழுத்து செல்லாது. பட்டவர் ஊருக்குள் வரக் கூடாது.' பழைய ஆணையர் இருபத்தோரு நாள் கழித்து ஊருக்குப் போனபோது அவர் நாற்காலியில் கோமதிநாயகம் உட்கார்ந்திருந்தார். ஏழாம் விதி என்று அதற்குப் பெயர். தன் பெயரையே வைக்கலாம் என்று சொன்னவர்களிடம் வேண்டாம் என்று அடக்கமாக மறுத்துவிட்டார்.

*

இசக்கி கீழ்த்தட்டுக்கு இறங்கினாள். நிலையம் சுழல்வதால் வாசலிலும் எடை உண்டு; நிர்மலபுரியில் போலவே, பூமியில் இருப்பதில் எட்டில் ஒரு பங்கு. படியில் கால் வைத்தால் மெல்ல மிதந்து இறங்கும்.

மேஸ்திரி சூசைக்கு ஐம்பது வயது. வலது கையில் மூன்று விரல். மீதி இரண்டையும் கானிமீட் பனிக்கட்டி வாங்கிக்கொண்டது. இசக்கி உத்தரவை ஒளிக்காமல் சொன்னாள். ஏழு நாள் காற்று, பத்தொன்பது நாள் பயணம், மூன்று மணி. அவர் கேட்டுவிட்டு, தன் ஆட்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். யாரோ சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். யாரோ தோற்றுவிட்டு வசவு வாங்கிக்கொண்டிருந்தான்.

"இவங்ககிட்ட இப்பமே சொல்லணுமா, ஆட்டம் முடியட்டுமா?"

"நான் இன்னும் கையெழுத்துப் போடல."

"நீங்க போடலன்னா உங்களைத் தூக்கிட்டு வேற ஆளைப் போடுவாவ, டாக்டரம்மா. கையெழுத்துப் போடத் தெரிஞ்ச ஆளுக்கா பஞ்சம்? உக்காருங்க, டீ குடிப்போம்."

டீ பையில் வந்தது. உள்ளங்கை அகல ரப்பர் பை, அதன் வாயில் விரல் நீளத்துக்குக் குழாய். கடித்தால்தான் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். அங்கே ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒன்று தொங்கியது. ஒவ்வொன்றிலும் வண்ண நூலால் பெயர் தைத்திருந்தது. ஒருவர் பையில் இன்னொருவர் வாய் வைப்பதில்லை. ஆள் செத்தால் பையையும் கூடவே புதைப்பார்கள். இசக்கிக்குக் கொடுத்ததில் பெயர் இல்லை. விருந்தாளிக்கென்று ஒன்று வைத்திருக்கிறார்களாம்.

தட்டுக்கு வெளியே தன் அறைக்குப் போய் டீயைக் குழாயால் உறிஞ்சிவிட்டு வந்தாள். முகமூடியைக் கழற்ற அந்த இரண்டு நிமிஷம்தான் அவளுக்கு வாய்ப்பு. திரும்பி வந்து, எல்லாரும் எப்போதும் இதில்தான் குடிப்பார்களா என்று கேட்டாள்.

"பின்னே? சுரங்கத்துல தலைக்கவசத்துக்குள்ள ஒரு சொட்டு தப்பிச்சுதுன்னா அது கீழ விழாது, முகத்துல ஊர்ந்து மூக்குக்குள்ள ஏறும். ஒரு வாய்த் தண்ணியில மூழ்கிச் செத்தவனை நான் பாத்திருக்கேன். இருமுனாக்கூட வாயில துணியைப் பொத்திக்கிடுவோம். வாயைப் பொளந்து தண்ணி குடிக்கவன எங்க ஊருல பைத்தியம்பாவ."

மூலையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. செல்லக்கனி. இருபத்தாறு வயது, குழாய் வேலை, காய்ச்சலில் பாதியாகியிருந்தாள். "அண்ணாச்சி, மேல இருக்கவங்க கேட்டா வருத்தப்படுவாவ. அவங்க நம்மளைச் 'சப்பி'ங்காவ."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் இசக்கி.

"நான்தான் மேல போயிருக்கேனே, டாக்டரக்கா."

இசக்கி அவள் அருகில் போய் உட்கார்ந்தாள். இது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. மேல்தட்டுக்காரர்கள் தங்கள் சாப்பாட்டுக் கூடத்துக்குச் சப்பியை வரவழைத்ததைப் பதிவேட்டில் எழுதுவார்களா?

காய்ச்சல் வருவதற்கு முந்தின நாளாம். கூடத்தின் காற்றுக்குழாய் அடைத்துக்கொண்டது. சரிபண்ண இவளைக் கூப்பிட்டார்கள். குழாய்க்குள் தலையை விட்டு நாலு மணி நேரம் வேலை. வெளியே வந்தபோது தொண்டை காய்ந்திருந்தது. இடுப்பிலிருந்து பையை எடுத்தாள்.

"ஒரு அம்மா, 'ஐயே, அதை இங்க வாயில வைக்காதே, குமட்டுது'ன்னாவ. சரி, தாகமா இருக்குன்னேன். அவங்க ஒரு மூக்குச் செம்பு வச்சிருக்காவ, எல்லாரும் அதுலதான் குடிக்காவ, வாய் படாம. அதை என் கையில குடுப்பாங்களா? கூடத்து நடுவுல நிக்கச் சொன்னாவ. அண்ணாந்து வாயைத் திறக்கச் சொன்னாவ. ஒருத்தரு மேல நின்னு ஊத்துனாரு."

"எவ்வளவு உயரத்துலேர்ந்து?"

"ஒரு முழம், ஒண்ணரை முழம். எனக்குப் பழக்கமா என்ன? பாதி உள்ள போச்சு. பாதி இருமி, மூக்கு வழியா வெளிய வந்து கூடம் பூரா பறந்துட்டு. எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன். வேற என்ன செய்ய?"

ஆறு வருஷத்தில் மேல்தட்டுக் கூடத்தில் அவளைச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. அவர்கள் எப்படித் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று பார்த்ததே இல்லை.

பூமியில் என்றால் ஊற்றின தண்ணீர் நேராகத் தொண்டைக்குள் இறங்கும். இங்கே எட்டில் ஒரு பங்கு எடை. தண்ணீர் தயங்கித் தயங்கி விழும், நாக்கில் பட்டுத் துள்ளும், எச்சிலையும் சேர்த்துக்கொண்டு எழும்பும். பெரிய துளிகள் கூரை வரைக்கும் போகும். சின்னத் துளிகள் விழவே விழாது, புகை மாதிரி நின்றுகொண்டிருக்கும். பதினான்கு பேர், வேளைக்கு மூன்று தடவை, ஒரே கூடத்தில். வாய் படவில்லையே, செம்பைக் கழுவவும் வேண்டாம். துடைத்துப் பளபளப்பாக்கினால் போதும்.

அதுவரை பிடிபடாமல் இருந்தது ஏன் என்பதும் புரிந்தது. நோயே வராத ஊரில் எந்தப் பழக்கமும் நல்ல பழக்கம்தான்.

"செல்லக்கனி, குழாய்ல கசிவு கண்டுபிடிக்க ஒரு திரவம் ஊத்துவீங்களே, வெறும் கண்ணுக்குத் தெரியாது, நீல விளக்குல பச்சையா ஒளிரும்..."

"குடிதண்ணிக் குழாய்லயே ஊத்துறதுதான். வயித்துக்கு ஒண்ணும் பண்ணாது. எத்தனை புட்டி வேணும்?"

*

மேல்தட்டுக் கூடத்துக்குப் போகும் குடிதண்ணீர்த் தொட்டியில் ஒன்றரைப் புட்டி ஊற்றினாள். மதியச் சாப்பாடு முடியும்வரை வெளியே காத்திருந்தாள். உள்ளே ஸ்தாபன நாளை ஒரு நாள் முன்னதாகவே கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். பாயசம் செய்திருந்தார்கள் போல. ஏலக்காய் வாசனை முகமூடியைத் தாண்டி வந்தது. நீலமேகம் இறந்து ஒரு நாள்தான் ஆகிறது என்பது பாயசத்துக்குத் தெரியாது.

நீல விளக்கோடு உள்ளே போனாள். நோய் வராத ஆறு பேரும் கை கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். தட்டுகள் கழுவுவதற்கு அடுக்கியிருந்தன. ஏழு தட்டு. யாரோ இனிப்புக்குத் தனித் தட்டு வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

கிருமியைத் தேடப் போகிறேன், ஒரு நிமிஷம் விளக்கை அணைக்க வேண்டும் என்று சொன்னாள். நல்லா தேடுங்க, கீழேயிருந்து வந்தது எங்கேயாவது ஒட்டிக்கிட்டிருக்கும் என்றார்கள்.

விளக்கை அணைத்தாள். நீல விளக்கைப் போட்டாள்.

கூடம் பச்சையாகப் பூத்தது. கூரை முழுக்கப் புள்ளி. சுவர் முழுக்கப் புள்ளி. பாயசப் பாத்திரத்தின் விளிம்பில் வரிசையாகப் புள்ளி. வெள்ளை உடைகளில் தோளிலும் மடியிலும் மார்பிலும் வாரி இறைத்த மாதிரி. ஒவ்வொருவர் முகத்திலும், இமையில், உதட்டில், காதில். நடுவில், துடைத்து வைத்த செம்பு மட்டும் துளிப் பச்சை இல்லாமல் சுத்தமாக நின்றது.

தண்ணீரில் கலந்ததையும், அது வாயில் பட்டுத் தெறித்தால் என்ன ஆகும் என்பதையும் இசக்கி சொன்னாள். மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டாள். கேட்டவர்கள் படித்தவர்கள், உடனே புரிந்துகொண்டார்கள்.

அன்றைக்குச் செல்லக்கனியின் பையைப் பார்த்துக் குமட்டின அம்மாள் தன் நெற்றியைத் தொட்டு, விரலைப் பார்த்தாள். அவள் கேட்ட முதல் கேள்வி நோயைப் பற்றியது அல்ல.

"இது யாரோட எச்சில்?"

மற்ற ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். இசக்கி மேஜை விரிப்பில் ஒரு முழம் கிழித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

*

மூன்று மணிக்குக் கோமதிநாயகம் கண்ணாடி அறையில் இருந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், இசக்கி முன்னால் மேஜையில் உத்தரவு. பக்கத்தில் பேனா.

இசக்கி எல்லாவற்றையும் சொன்னாள். செல்லக்கனிக்கு ஊற்றின தண்ணீர், செம்பு, தெறிக்கிற எச்சில், கீழே யாருக்கும் ஏன் தொற்றவில்லை என்பது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கோமதிநாயகத்தை முட்டாள் என்று மட்டும் சொல்ல முடியாது. முட்டாளாக இருந்திருந்தால் மன்னித்துவிடலாம்.

"சரி, உண்மையாவே இருக்கட்டும். கொண்டு வந்தது அந்தப் பொண்ணுதானே?"

"அவளை அவளோட பையிலேயே குடிக்க விட்டிருந்தா அவளோட முடிஞ்சிருக்கும் சார்."

"இதை ஊருக்குச் சொல்லச் சொல்றியா? நாளைக்கு விழாவுல பன்னிரண்டாயிரம் பேர் ஒரு செம்புத் தண்ணி குடிக்கப் போறாங்க. எங்க தாத்தா காலத்துலேர்ந்து வாய் படாம குடிக்கிற ஜனம். அவங்களைப் போய், சப்பிக் குடிங்கன்னு சொல்லணும். நான் சொல்லணும்."

"ஆமா சார்."

"அதுக்கு நாற்பத்தோரு பேர் சின்ன விஷயம்" என்றார். குரலை உயர்த்தவில்லை. "கையெழுத்துப் போடு."

இசக்கி பேனாவைத் தொடவில்லை. ஒரே ஒரு தடவை கண்ணால் பாருங்கள் என்று சொல்லி, மேஜை விரிப்புத் துண்டைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் பிடித்தாள். இன்னொரு கையால் அறை விளக்கை அணைத்து, நீல விளக்கைப் போட்டாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் துணி பச்சையாக ஒளிர்ந்தது.

அந்தப் பக்கமும் ஒளிர்ந்தது.

கோமதிநாயகம் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அருவருப்பு. அந்த முகத்தில் மீசை நுனியெல்லாம் பச்சைப் பொட்டு. தாடையிலிருந்து கழுத்துப்பட்டை வரைக்கும் ஒரு கோடு. வெள்ளைச் சட்டையின் மார்பில் கைப்பிடி அளவு தூறல். இடது கண்ணின் ஓரத்தில், இமைக்கும்போதெல்லாம் அணைந்து அணைந்து எரிகிற ஒரு துளி.

"அசிங்கம்" என்றார்.

"ஆமா சார். பாயசம் எப்படி இருந்தது?"

அவர் நிமிர்ந்தார். அவள் பார்வை போன இடத்தைப் பார்த்து, மெல்லக் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.

ஏழாவது தட்டு யாருடையது என்று இசக்கிக்கு அப்போதுதான் தெரிந்தது. கண்ணாடி அறையிலிருந்து மேல்தட்டுக்கு ஒரு கதவு உண்டு. தீ விபத்துக்கென்று வைத்தது. அதன் சாவி ஆணையரிடம்.

"என் மச்சான் சிற்சபேசன் உள்ளே இருக்கார்" என்றார் கோமதிநாயகம். "பத்து நிமிஷம்தான். அவங்க எல்லாம் நம்ம ஆட்கள்தானே, இசக்கி. சுத்தமான குடும்பங்கள்."

"முகமூடி?"

அவர் கைக்குட்டையை எடுத்துச் சட்டையைத் துடைத்தார். நம்ம ஆட்களைப் பார்க்க முகமூடி போட்டுக்கொண்டு போவது மரியாதை இல்லையே.

அவள் அந்தக் கதவின் பதிவைத் திரையில் வரவழைத்தாள். கதவுகளுக்கு மரியாதை தெரியாது; திறந்ததையெல்லாம் குறித்துக்கொள்ளும். எட்டு நாளில் ஒன்பது தடவை. ஒவ்வொரு தடவையும் சாப்பாட்டு வேளை. ஒவ்வொரு தடவையும் சாப்பிட்டுவிட்டு, ஊருக்கு இறங்கும் ஓடத்தில் ஏறிப் போயிருக்கிறார்.

இசக்கி ஊரில் இருக்கும் பன்னிரண்டாயிரம் பேரை நினைத்தாள். நாற்பத்தோரு பேரைப் பற்றிய பயம் இல்லை இது.

"சார், எட்டு நாளா நீங்க பட்டவர். இந்த உத்தரவு, இதுக்கு முன்னாடி எட்டு நாள் போட்டது, எதுவும் செல்லாது. ஏழாம் விதி."

"அது எனக்கு எழுதினது இல்லை" என்றார் அவர். நிஜமாகவே அப்படித்தான் நம்பினார் என்று முகத்தில் தெரிந்தது.

ஓடத்தின் ஓட்டுநரை ரேடியோவில் கூப்பிட்டு, உடனே கிளம்ப வேண்டும் என்று உத்தரவிட்டார். ஓட்டுநருக்கு மூடின தனி அறை. இத்தனை நாளும் அவருக்கு எதுவும் ஆகவில்லை. நிர்மலபுரியில் பிறந்து, நிர்மலபுரியில் வளர்ந்த பையன் அவர். இசக்கி அதே ரேடியோவில் ஒரு வார்த்தைதான் சொன்னாள்: ஆணையர் பட்டவர். பிறகு நிலையம் லேசாக அதிர்ந்தது. ஓடம் ஆணையரை விட்டுவிட்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டது.

*

நிர்மலபுரியின் துணை ஆணையரிடம் இசக்கியே பேசினாள். செம்பை நிறுத்துங்கள், விழாவை நிறுத்துங்கள், யாராவது இருமுகிறார்களா என்று பாருங்கள் என்றாள். இருமல் என்றால் எப்படி இருக்கும் என்று கேட்டார் துணை ஆணையர். அவள் இருமிக் காட்டினாள்.

வெகுநேரம் கழித்து அவர் குரல் மாறி வந்தது. ஆணையர் வீட்டுத் தெருவில் நாலு நாளாக அந்தச் சத்தம் கேட்கிறதாம். காற்று இயந்திரத்தில் கோளாறு என்று நினைத்து இரண்டு தடவை எண்ணெய் போட்டிருக்கிறார்கள்.

கடைசியில், மிகவும் தணிந்த குரலில் கேட்டார்: "அந்தக் கீழ்த்தட்டு ஆட்கள் வைத்திருக்கிற பை... அது எத்தனை கிடைக்கும்?"

இசக்கி சூசையிடம் கேட்டாள். பழைய உடைகளின் ரப்பரை வெட்டினால் ஒரு நாளைக்கு முந்நூறு தைக்கலாம் என்றார் அவர். எப்படிக் கடிக்கணும், எப்படி விடணும்னு சொல்லிக்கொடுக்க ஆள் போகணும். செல்லக்கனிக்கு ஒரு தடவை வந்து போய்விட்டது, அவள் போகட்டும் என்றார். கப்பலுக்குக் காற்று நிரப்பித் தரச் சொல்லி அவர் கேட்கவில்லை. துணை ஆணையரே சொன்னார், குழாயை இன்றைக்கே மாட்டிவிடுவதாக.

மறுநாள் காலை அறிவிப்பு வந்தது. மக்கள் தூய்மையை மேலும் ஒரு படி உயர்த்த, 'நிர்மலக் குழல்' என்கிற புதிய முறை ஸ்தாபன நாளில் அறிமுகமாகிறது. கண்டுபிடித்தவர்கள் ஒரு குழு. குழுவின் பெயர்ப் பட்டியல் நீளமாக இருந்தது. அதில் செல்லக்கனி பெயர் இல்லை. அவள் அதைப் படித்துவிட்டு, நல்லவேளை என்றாள்.

கோமதிநாயகத்தை எங்கே வைப்பது என்பதுதான் பாக்கி. மேல்தட்டுக் காற்றில் நோய் நிற்கிறது. பன்னிரண்டாயிரம் பேரும் கைவிட்ட ஒரு மனிதருக்கு, தொற்று பரவாத ஒரே இடம் கீழ்த்தட்டு. அங்கே கதவுக்குப் பக்கத்தில் ஒரு படுக்கை கொடுத்தார்கள். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை போலிருக்கிறது. சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

விருந்தாளிப் பையில் தண்ணீர் நிரப்பிப் படுக்கையில் வைத்தார் சூசை. செம்பு வேண்டும் என்றார் ஆணையர். இங்கே அதற்கு அனுமதி இல்லை என்றாள் இசக்கி. அப்படியென்றால் தண்ணீரே வேண்டாம் என்றார்.

பதினெட்டு மணி நேரம் அந்தப் பை அப்படியே கிடந்தது. இசக்கி கதவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் உதடு வெடித்திருந்தது. மீசைச் சாயம் வியர்வையில் இறங்கிக் கன்னத்தில் கறுப்பாக வழிந்திருந்தது. முதல் இருமல் வந்தது. சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசியில் ஒரு கை மெல்ல நகர்ந்து பையை எடுத்தது. போர்வையைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டார். பிறகு போர்வைக்குள்ளிருந்து சப்பிக் குடிக்கும் சத்தம் கேட்டது. வேகமாக, விடாமல், பசித்த குழந்தை மாதிரி.

சீட்டைக் கீழே வைத்துவிட்டு எல்லாரும் கேட்டார்கள்.

"மெதுவா, சார்" என்றார் சூசை. "இங்க யாரும் பிடுங்க மாட்டாவ."